நிற்க வைத்துப் பாருங்கள்

முதலில் பத்து நிமிடம் படுத்திருக்க வேண்டும். பேசக்கூடாது. பிறகு மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே எலும்பை ஒட்டினாற்போல், என் இரண்டு விரல்களை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். எண்ணி எழுதிவிட்டு அவளை எழுப்பி நிறுத்த வேண்டும். சுவரில் சாயக்கூடாது. நின்றவுடன் ஒரு தடவை, ஐந்தாவது நிமிடத்தில் ஒரு தடவை, பத்தாவது நிமிடத்தில் ஒரு தடவை. தலை சுற்றினால் உடனே உட்கார வைத்துவிட வேண்டும். காலையும் மாலையுமாக இரண்டு வாரம். ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்.

கல்யாணமாகி இருபது வருடத்தில் என் மனைவியின் கையை நான் அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு இருந்ததில்லை.

படுத்திருக்கும்போது எழுபத்திரண்டு. நின்றதும் நூற்றுப் பதினெட்டு. ஐந்தாவது நிமிடம் நூற்று இருபத்தாறு. தப்பாக எண்ணிவிட்டேன் என்று நினைத்து மறுபடியும் படுக்க வைத்தேன். எழுபத்து நான்கு. நிறுத்தினேன். நூற்று இருபது. அவள் உதட்டில் நிறமே இல்லை. முழங்காலுக்குக் கீழே கால்கள் நாவல்பழம் மாதிரி கறுத்துச் சிவந்திருந்தன. ஒன்றுமே செய்யாமல் அறை நடுவில் நின்றுகொண்டிருந்த ஒருத்தியின் இதயம், நான் செம்பனைக் குலையை லாரியில் ஏற்றும்போது அடிப்பதைப்போல அடித்துக்கொண்டிருந்தது.

"எத்தன?" என்று கேட்டாள்.

சொன்னேன்.

"அதான் ஒன்றர வருசமா சொல்றேன்" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. அந்த ஒன்றரை வருடத்தில் அவள் என்னிடம் மருந்து கேட்கவில்லை, டாக்டரைத் தேடச் சொல்லவில்லை. நான் நம்ப வேண்டும், அவ்வளவுதான் கேட்டாள். அது எப்படித் தவறிப்போனது என்பதைத்தான் எழுதுகிறேன்.

நான் ஓரிடத்தில் நிலைத்தவனில்லை. இரண்டாம் பாரத்தோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டேன். லாரியில் உதவியாள், ஜொகூரில் கட்டட வேலை, சிங்கப்பூரில் கப்பல் பட்டறை, கேமரன் மலையில் முட்டைக்கோஸ், லுமுட்டில் மீன் பெட்டி தூக்கியது என்று போய்க்கொண்டே இருந்தேன். ஏழெட்டு மாதம் ஒரே வாசலைப் பார்த்தால் எனக்கு மூச்சு முட்டும். அவள் அப்படியில்லை. ஈப்போவுக்கு வெளியே ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பதினொரு வருடம் ஒரே வரிசையில் நின்று, ஓட்டை விழுந்த கையுறைகளைப் பொறுக்கிப் போட்டாள். அந்த வேலையில் உட்காரக்கூடாது. புந்தோங்கில், லிப்ட் இல்லாத அடுக்குமாடியில், நான்காவது மாடியில் எங்கள் வீடு. பிள்ளைகள் இல்லை.

கொரோனா எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் வந்தது. நான் நான்கு நாளில் எழுந்து கடைக்கு நாசி லெமாக் சோறு வாங்கப் போய்விட்டேன். அவளும் எழுந்தாள். ஆனால் அதற்குப் பிறகு அவளுக்கு நிற்க முடியவில்லை. நின்றால் நெஞ்சு ஓடுகிறது, கண் இருட்டுகிறது, படுத்தால் சரியாகிவிடுகிறது என்றாள். தெருமுனை கிளினிக்கில் படுக்க வைத்து நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள். இன்னொரு கிளினிக்கிலும் படுக்க வைத்துத்தான் பார்த்தார்கள். அங்கே வாயுக்கு மாத்திரை கொடுத்தார்கள், கவலைப்படாமல் இருக்கச் சொன்னார்கள். படுத்தால் சரியாகிவிடுகிற நோயைப் படுக்க வைத்துத் தேடினால் எப்படிக் கிடைக்கும் என்று எங்களுக்கு அப்போது தோன்றவில்லை.

எனக்கு ஜொகூரிலிருந்து ஒரு நண்பன் வேலைக்குக் கூப்பிட்டான். பையைக் கட்டி வாசலில் வைத்தேன். அவள் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். முதலில் சட்டி விழுந்தது, பிறகு அவள் விழுந்தாள். போய்த் தூக்கினேன். புறங்கையை அவள் நெற்றியில் வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.

இந்தப் புறங்கை வழக்கம் எங்களுக்குத் தோட்டத்திலிருந்து வந்தது. நாங்கள் இரண்டு பேரும் பிறந்த ரப்பர் தோட்டம் காம்பார் போகும் வழியில் இருந்தது. இப்போது பாதி செம்பனை, பாதி புது வீடுகள். அங்கே டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் டிரசர் என்கிற மருந்தக உதவியாளர்தான். அவர் மருந்தும் கொடுப்பார், லீவும் கொடுப்பார். வலிக்கிறது என்று எத்தனை தடவை சொன்னாலும் அவர் காதில் ஏறாது. நெற்றியில் கை வைப்பார், சந்தேகம் இருந்தால் கண்ணாடிக் குச்சியை வாயில் வைப்பார். சூடு இருந்தால் நோய். சூடு இல்லையென்றால் வாளியைத் தூக்கிக்கொண்டு பால் எடுக்க, மரம் வெட்டப் போக வேண்டியதுதான். என் அம்மா முதுகைப் பிடித்துக்கொண்டு பல நாள் அப்படித் திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன். அது அநியாயம் என்று அந்த வயதிலேயே தெரியும். ஆனாலும் அதே கையைத்தான் நான் அவள் நெற்றியில் வைத்தேன்.

"காய்ச்சலே இல்லையே" என்றேன்.

"காய்ச்சல்னு நான் சொல்லலையே. நின்னா நெஞ்சு ஓடுது. கைய வெச்சுப் பாருங்க."

"நான் கெளம்புற அன்னிக்குப் பாத்துத்தான் ஓடுமா ஒனக்கு? நடிக்காத லா."

அவள் அழவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே விழுந்த சட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். "போங்க. பஸ்ஸு போயிடும்" என்றாள்.

போய்விட்டேன்.

நான்கு மாதம் கழித்து அவளுடைய அக்கா தைப்பிங்கிலிருந்து போன் செய்தார். மூன்றாவது மாடி வளைவில் விழுந்து மோவாயில் நான்கு தையல் போட்டிருக்கிறது என்றார். "தம்பி, வந்து பாக்குறதுன்னா வாங்க. இல்லன்னா சொல்லிடுங்க, நான் அழைச்சிட்டு வந்துடுறேன்."

வந்தேன். வீடு முழுக்கப் பிளாஸ்டிக் நாற்காலிகள். அடுப்புக்கு முன்னால் ஒன்று, குளியலறைக்குள் ஒன்று, நடைவழியில் ஒன்று, துணி காயப்போடும் இடத்தில் ஒன்று. ஒரு நாற்காலியிலிருந்து அடுத்த நாற்காலிக்குப் போய்ப் போய்த்தான் அவள் வீட்டுவேலை செய்துகொண்டிருந்தாள். தொழிற்சாலையில் லீவெல்லாம் தீர்ந்து, சம்பளமில்லாத லீவில் இருந்தாள்.

"என்னா இது, கல்யாண வீடு மாதிரி நாக்காலி போட்டு வெச்சிருக்க?" என்றேன்.

"ஆமா. நீங்கதான் மாப்பிள்ள. உக்காருங்க."

சிரித்தோம். அந்தச் சிரிப்போடு நான் நம்பியிருக்கலாம். நான் பிடித்துக்கொண்டது வேறு. டாக்டருக்குப் பிடிபடாதது சாமிக்குத்தான் பிடிபடும் என்று முடிவு செய்தேன். தைப்பூசத்துக்கு அவள் பால்குடம் எடுப்பதாக அவளுக்காக நானே நேர்ந்துகொண்டேன். நாற்பத்தெட்டு நாள் விரதம். ஒரு வேளைச் சோறு, கவுச்சி கிடையாது. அது போதாது என்று உப்பையும் விட்டுவிடுவோம் என்றேன். எங்கள் தோட்டத்தில் பெரிய வேண்டுதல் என்றால் உப்பில்லா விரதம்தான். நானும் சேர்ந்து இருந்தேன். அவளுக்காக வாயைக் கட்டியதில் எனக்குப் பெருமை வேறு.

முதல் வாரம் தாங்கினாள். மூன்றாவது வாரத்தில் நாற்காலிக்கும் நாற்காலிக்கும் நடுவில் தரையில் உட்கார ஆரம்பித்தாள். குளிக்கப் போகும்போது கதவைத் தாழ் போடவில்லை.

"முடியலங்க. ஒரு சிட்டிகையாவது போட்டுக்கிறேனே."

"நானும் அதத்தானே சாப்புடுறேன்? முருகன் சோதிக்கிறான். இன்னும் நாலு வாரந்தான்."

அவள் சோற்றைத் தண்ணீர் குடித்து விழுங்கினாள்.

தைப்பூசத்தன்று விடிந்ததும் புந்தோங் கோயிலில் குடத்தை அவள் தலையில் ஏற்றினோம். அங்கிருந்து மலைக்கோயில் வரை நடக்க வேண்டும். கூட்டத்தில் நடை என்று சொல்ல முடியாது. நிற்போம், இரண்டடி வைப்போம், மறுபடியும் நிற்போம். நிற்பதுதான் அதிகம். முன்னால் காவடி, பின்னால் உறுமி. அரைமணி நேரம் போயிருக்கும். அவள் கை நடுங்க ஆரம்பித்தது. பிறகு உடம்பு முழுக்க நடுங்கியது. கண் மேலே போனது. குடம் சாய்ந்து பால் அவள் தோளில் வழிந்தது.

"ஆத்தா வந்துட்டா! வழி விடுங்க, வழி விடுங்க!" என்று பின்னால் ஒரு பெண் கத்தினாள்.

அடுத்த நிமிடம் எங்களைச் சுற்றி வட்டம் கட்டிவிட்டது. உறுமி அடிப்பவர்கள் நெருங்கி வந்து வேகத்தைக் கூட்டினார்கள். அவள் கால் மடங்கியது. இறங்கிய சாமியைக் கீழே விடக்கூடாது என்று இரண்டு பெண்கள் அவள் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். நெற்றி நிறையத் திருநீறு பூசினார்கள்.

"யாரும்மா வந்திருக்க? சொல்லு! புள்ளைங்களுக்கு என்னா வேணும், சொல்லு!"

"தண்ணி" என்றாள்.

"தண்ணி கேக்குறா! ஆத்தா தண்ணி கேக்குறா!"

யாரோ ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து அவள் தலையில் ஊற்றினார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கைகள் தாமாகக் குவிந்தன. இத்தனை மாதம் நான் தேடிக்கொண்டிருந்த பதில் கிடைத்துவிட்டது, இவளுக்குள் இருந்தது தெய்வம் என்று நினைத்தேன். நடுரோட்டில் என் மனைவியைக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். மஞ்சள் தண்ணீர் கண்ணில் வழிய, உறுமிச் சத்தத்தில் கேட்காத குரலில், "என்னங்க, நாந்தாங்க" என்றாள்.

உதட்டசைவில் எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆனாலும் கையைப் பிரிக்கவில்லை. இன்னொரு முறை சொன்னாள். பிறகு இரண்டு பெண்களின் பிடியிலும் நிற்காமல் நழுவித் தரையில் சரிந்தாள். தலை தார்ச்சாலையில் பட்டது. அந்தச் சத்தத்துக்குத்தான் என் கை பிரிந்தது.

முதலுதவிக் கூடாரத்தில் ஒரு தமிழ் நர்ஸ் இருந்தார். ஓய்வு பெறும் வயது இருக்கும், வாய் கொஞ்சம் துடுக்கு. படுக்க வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார். சின்னத் திரையில் எண்பது என்று வந்தது. கால் மணி நேரம் கழித்து, "எங்க, மெதுவா எந்திரிம்மா" என்றார். அவள் எழுந்து நின்றாள். எண் ஏறியது. தொண்ணூற்றைந்து, நூற்றுப் பத்து, நூற்று முப்பது. நர்ஸ் அவளை உடனே படுக்க வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"எத்தன நாளா இப்படி?"

"ஒரு வருசத்துக்கு மேல."

"யாரும் நிக்க வெச்சுப் பாக்கலையா?"

"இல்லங்க."

"நீங்க?"

நான் அவள் தோளில் வழிந்திருந்த பாலைத் துடைத்தேன். "சாமியும் இல்ல, பூதமும் இல்ல அண்ணே. பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டுப் போங்க. போயி, நிக்க வெச்சுப் பாருங்கன்னு கேளுங்க. அவங்க ஏசுனாலும் கேளுங்க" என்றார்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் யாரும் ஏசவில்லை. ரத்தம் எடுத்தார்கள், இதயத்தை ஸ்கேன் செய்தார்கள், ஒரு நாள் முழுக்க ஒரு சிறிய கருவியை இடுப்பில் கட்டி அனுப்பினார்கள். ரத்தச்சோகை இல்லை, தைராய்டு இல்லை, இதயத்தில் ஓட்டை அடைப்பு எதுவும் இல்லை. பெரிய டாக்டரைப் பார்க்கும் நாள் வரும்வரை வீட்டில் எண்ணி எழுதி வைக்கச் சொன்னார்கள். அப்படித்தான் அந்த எண்ணும் வேலை எனக்கு வந்தது.

அதை ஒழுங்காகச் செய்தேன். என் வாழ்க்கையில் இரண்டு வாரம் ஒரு நாள் தவறாமல் செய்த வேலை அது ஒன்றுதான். என் நாடியையும் எண்ணினேன். படுத்தால் அறுபத்தெட்டு, நின்றால் எழுபத்தெட்டு. அது போதாமல், கீழே தேநீர்க் கடை வைத்திருப்பவரிடம் போய், "மச்சான், கையக் கொடு" என்றேன்.

"என்னா, ஜோசியமா? எனக்கு ரெண்டாவது சம்சாரம் உண்டான்னு பாரு லா."

"மொத ஒக்காரு. ஒரு நிமிசம் பேசாம இரு."

நிற்க வைத்தபோது அவருக்கும் பத்துதான் கூடியது. மேலே வந்து அதைச் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"கடக்காரரையும் கேட்டாச்சா? இன்னும் யாரு பாக்கி?" என்றாள்.

பெரிய டாக்டர் மலாய்க்காரப் பெண். என் நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்று மலாயில் சொன்னார். பிறகு தானும் ஒருமுறை அவளைப் படுக்க வைத்து, நிறுத்தி, பத்து நிமிடம் கூடவே நின்று பார்த்தார். நோய்க்கு ஒரு நீளமான ஆங்கிலப் பெயர் சொன்னார். நிற்கும்போது ரத்தம் காலுக்கு இறங்கிவிடுகிறது, அதை மேலே ஏற்றுவதற்கு இதயம் ஓடுகிறது என்றார். காய்ச்சல் கண்ட பிறகு சிலருக்கு இப்படி வருகிறதாம். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், காலை இறுக்கும் உறை போட வேண்டும், ஒரு மாத்திரை. கடைசியாக, சாப்பாட்டில் உப்பு எப்படி என்று கேட்டார். இவளுக்கு ரத்தக்கொதிப்பு இல்லாததால் மற்றவர்களைவிடக் கூடுதலாக உப்பு சேர்க்க வேண்டும் என்றார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. நாற்பத்தெட்டு நாள் உப்பே இல்லாமல் இருந்ததை நான்தான் சொன்னேன். ஏன் என்று டாக்டர் கேட்டார். அவள் குணமாக வேண்டும் என்று, என்றேன். என்னுடைய மலாயில் அது இன்னும் மடத்தனமாக ஒலித்தது. டாக்டர் திட்டவில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார்.

உட்கார்ந்து செய்யும் வேலை கொடுக்கும்படி டாக்டர் எழுதிக்கொடுத்த கடிதத்தைத் தொழிற்சாலைக்கு நான்தான் கொண்டுபோனேன். அவள் இடத்தில் வேறு ஆள் நின்றுகொண்டிருந்தார். உட்கார்ந்து செய்யும் வேலை அங்கே இல்லை என்றார்கள். பதினொரு வருடத்துக்கு ஒரு நன்றிச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

மருந்தும் தண்ணீரும் அவளைக் கொஞ்சம் தூக்கிவிட்டன. முழுக் குணம் இல்லை. நாற்காலிகள் நான்கிலிருந்து இரண்டாயின. அப்போது நான் நல்ல கணவனாக இருந்தேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன், காலுறையை இழுத்து மாட்டிவிட்டேன், வருகிறவர்களிடமெல்லாம் நோட்டைக் காட்டி விளக்கினேன். ஒருநாள் அப்படி ஒருவரிடம் விளக்கிவிட்டுக் கதவைச் சாத்தியபோது அவள் சொன்னாள்.

"நான் சொன்னேன், நம்பல. சாமின்னு சொன்னாங்க, கும்புட்டீங்க. இப்ப நம்பர் சொல்லுது, அதையும் நம்புறீங்க." குரலில் கோபம் இல்லை. "என்னத்தான் இன்னும் நம்பல."

"இப்ப நம்புறேனே" என்றேன்.

"நோட்ட நம்புறீங்க."

அதற்கு அடுத்த மாதம் அவள் தைப்பிங்குக்கு, அக்கா வீட்டுக்குப் போனாள். அது தரைவீடு, மாடி ஏற வேண்டியதில்லை. எல்லாரிடமும் அந்தக் காரணத்தைத்தான் சொன்னோம், அது பொய்யும் இல்லை. எனக்கு ஈப்போவில் ஒரு கிடங்கில் ஜாகா வேலை, இரவுக் காவல், கிடைத்திருந்தது. கூட வா என்று அவள் சொல்லவில்லை. வரட்டுமா என்று நானும் கேட்கவில்லை. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு பஸ் ஏறிப் போவேன். பெரும்பாலும் மழை பெய்துகொண்டிருக்கும். முன்வாசலில் மூன்று பேரும் உட்கார்ந்து தேநீர் குடிப்போம். இப்போதெல்லாம் அவள் நாடியை அவளே பார்த்துக்கொள்கிறாள். எவ்வளவு என்று கேட்டால் சொல்வாள். கையை நீட்டுவதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு எனக்குப் போகப் பிடிக்கவில்லை. காரணம் ஒன்றும் பெரிதில்லை. லுமுட்டில் பழைய கூட்டாளி ஒருவன் படகு வேலை இருக்கிறது, வந்து பார் என்றான். பழைய அரிப்பு. தைப்பிங்குக்குப் போன் செய்து, "இடுப்பு பிடிச்சிக்கிச்சு, எந்திரிக்க முடியல. இந்த வாரம் வரல" என்றேன்.

"எப்பலேருந்து?" என்றாள்.

"நேத்துலேருந்து."

"தனியா இருக்கீங்களே. எந்திரிக்காதீங்க, படுங்க. சுடுதண்ணி ஒத்தடம் கொடுக்க ஆளு இருக்கா? கடக்காரர மேல வரச் சொல்லவா?"

"வேணாம், வேணாம்."

"வலி கூடுனா உடனே சொல்லுங்க. அக்கா மவன்கிட்ட சொல்லி காரு எடுத்துட்டு வாரோம். நான் பின்னால படுத்துக்கிட்டே வந்துடுவேன்."

அவள் வேறு ஒன்றும் கேட்கவில்லை. நிஜமாகவா என்று கேட்கவில்லை. போனை வைத்த பிறகு கையில் லுமுட் பஸ்ஸுக்கான பையோடு வாசலில் நின்றேன். ஒன்றரை வருடமாக அவள் என்னிடம் கேட்டதை, நான் சொன்ன பொய்க்கு ஒரு நிமிடத்தில் கொடுத்துவிட்டாள்.

பையை உள்ளே வைத்துவிட்டுத் தைப்பிங் பஸ் ஏறினேன். போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. நனைந்துபோய் நின்ற என்னைப் பார்த்து அக்கா திட்டினார். "இந்த இடுப்ப வெச்சிக்கிட்டு யாரு தம்பி ஒங்கள வரச் சொன்னா?" அவள் தன் நாற்காலியை விட்டு மெதுவாக எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, அந்த நாற்காலியை என் பக்கம் தள்ளினாள்.

"உக்காருங்க. இப்ப எப்படி இருக்கு?"

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பஸ் முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் நின்றுகொண்டிருந்தாள். கழுத்து நரம்பு துடிப்பது எனக்குத் தெரிந்தது.

"பரவால்ல. நீ உக்காரு" என்றேன்.